துணைக்கு வந்த சம்பந்தியம்மா

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு அம்மாவை நான் சம்பந்தியம்மா என்று கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இரண்டு சம்பந்தியம்மாக்கள் ஓரிடத்தில் கூடினால் அங்கே உண்மைக்கு வேலை கிடையாது. நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு அவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். அவர் உடுத்தியிருக்கும் சேலையைப் பார்த்து, இந்த நிறம் உங்களுக்காகவே பிறந்தது என்று நான் சொல்வேன். வாசலில் யார் முதலில் உள்ளே போவது என்று 'நீங்க போங்க', 'இல்ல நீங்க போங்க' என்று நாங்கள் நிற்கும் நேரத்தில் பின்னால் வரும் ஆண்களின் கால் கடுத்துவிடும்.

அவர் வீட்டுக்காரருக்குக் கெலிஓயாவில் துணிக்கடை. என் வீட்டுக்காரருக்குக் கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை. நான் கண்டியில் ஒரு காரியாலயத்தில் கணக்குப் பார்க்கும் கிளார்க். அந்தஸ்தில் யார் ஒரு படி மேல் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அதனால் மரியாதையில் இரண்டு பக்கமும் ஒரு சுண்டுவிரல் அளவுகூட விட்டுக்கொடுக்காமல் நடந்துகொள்வோம்.

இப்படிப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மார்பகப் பரிசோதனைக்குப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால் என் அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அக்கா மார்பகப் புற்றுநோயில்தான் போனாள். கட்டி இருப்பது அவளுக்குத் தெரியும். வலிக்கவில்லையே என்று விட்டாள். பிறகு பெரியவனின் பரீட்சை முடியட்டும் என்றாள், அதன் பிறகு கொழுந்தனார் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்றாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் அவளுக்கு ரொம்ப தூரம் முன்னால் போயிருந்தது.

அக்காவுக்கு வந்தால் தங்கச்சிக்கும் வரக்கூடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்ததால்தான் போகாமல் இருந்தேன். பார்த்தால்தானே இருக்கும், பார்க்காவிட்டால் இல்லை என்பது என் கணக்கு. மற்றவர்களின் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கும் எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் வருஷக்கணக்காகச் சரியாகவே பட்டது.

என் மகள் விடவில்லை. பெரியம்மாவைக் கடைசி நாட்களில் குளிப்பாட்டியவள் அவள். போன் எடுத்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்பதற்கு முன், "அம்மா, கிளினிக்குக்குப் போனீங்களா?" என்பாள். மழை, ஆடிட், என் மாமியாரின் திவசம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். சாக்குகள் தீர்ந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய அறிவாளியைப் போல ஒரு நிபந்தனை போட்டேன்.

"ஒங்க மாமி போனாங்கன்னா நானும் போறேன்."

அவள் மாமியார் பல் டாக்டரிடம் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டு, கைக்குட்டையை வைத்து மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டியவர். அந்த அம்மா இந்த மாதிரி இடத்துக்கு இந்த ஜென்மத்தில் போகமாட்டார் என்பது எனக்கு உறுதி. மகள் சரி என்று போனை வைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு தேங்காய் திருகப் போனேன்.

அங்கே கெலிஓயாவில் என்ன நடந்திருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மருமகள் என்ற முறையில் மகள் அவரையும் நச்சரித்திருக்கிறாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. "ஒங்கம்மா மொதல்ல போகட்டும். அவங்க போனா நான் தொணைக்குப் போறேன்" என்று சொல்லியிருக்கிறார். நான் போகவே மாட்டேன் என்பதில் அவருக்கும் அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் பின்னேரம் போன் வந்தது. மகள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "அம்மா, மாமி இங்கதான் பக்கத்துல இருக்காங்க. நீங்க கிளினிக்குக்குப் போறதுன்னா தொணைக்கு வர்றாங்களாம்."

 நான்தான் முந்திக்கொண்டு, "ஐயோ, ஒங்களுக்கு எதுக்குச் சம்பந்தியம்மா சிரமம்" என்றேன். அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் தப்பித்திருப்போம். ஆனால் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

"இதுல என்னங்க சிரமம். நீங்க எந்த நாள்னு சொல்லுங்க, நான் வந்துருறேன்."

"ஒங்களுக்கு எந்த நாள் தோதுன்னு சொல்லுங்க."

"இல்ல, ஒங்க தோதுதான் முக்கியம்."

இப்படியே ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாங்களாகவே போய்க் குழியில் விழுந்தோம். மகள் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

கிளினிக் நாளன்று கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் சந்திப்பதாக ஏற்பாடு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வழக்கமான நெரிசல், நான் பிந்திவிட்டேன். அவர் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பட்டுச் சேலையில் நின்றார். அவசரத்தில் கழற்றிப் போடப்போகும் இடத்துக்கு எதற்குப் பட்டு என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் நானும் பட்டுதான். எங்கே போகிறீர்கள் என்று கேட்ட பக்கத்து வீட்டாரிடம் சேலை எடுக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். துணிக்கடைக்காரர் மனைவி என்பதால் அவருக்கு அந்தப் பொய் உதவாது. அவர் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கிளினிக்கில் எங்களைப் போல பத்துப் பதினைந்து பெண்கள் கதிரைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மிட்வைஃப் மிஸ் முன்னால் நின்று, மாதம் ஒரு தடவை நாமே கையால் தடவிப் பார்க்க வேண்டும், கட்டியோ தோலில் குழியோ காம்பிலிருந்து கசிவோ இருந்தால் உடனே வந்து காட்ட வேண்டும் என்று விளக்கினார். அவர் 'மார்பகம்' என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எல்லோரும் சுவர்க் கலண்டரைப் பார்த்தோம். சம்பந்தியம்மா அந்த மாதத்து விசேஷ நாட்களை மனப்பாடமே செய்திருப்பார்.

டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் கையால் பார்த்தார். இரண்டு பேருக்கும் எதுவும் தட்டுப்படவில்லை. அக்காவின் கதையைக் கேட்டதால் எனக்கு மட்டும் மெமோகிராம் படம் எடுக்கக் கடிதம் எழுதினார். அப்போதுதான் சம்பந்தியம்மாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். விருந்தில் தன் இலைக்கு மட்டும் வடை வைக்காமல் போனவரின் முகம் அது.

"டாக்டர், அவங்களுக்கு எழுதினா எனக்கும் எழுதிக் குடுங்க. ஒண்ணாத்தானே வந்தோம்."

டாக்டர் அவருடைய வயதைக் கேட்டார். யோசித்தார். அந்த வயதுக்கு எடுத்துப் பார்ப்பது நல்லதுதான் என்று எழுதிக் கொடுத்தார். சம்பந்தியம்மா அந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

படம் எடுக்கும் நாளன்று பவுடர், சென்ட், கிரீம் எதுவும் பூசிக்கொண்டு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாங்கள் சொன்னதைக் கேட்கும் ரகம். குளித்துவிட்டு அப்படியே வந்தோம். கழுத்தில் பவுடர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்கியதே எங்கள் இருவருக்கும் பெரிய தியாகம்.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் இடத்தில் திரைக்குப் பின்னால் நின்றபோது அவிழ்த்த ரவிக்கைக் கொக்கியையே மறுபடி மாட்டிக்கொண்டிருந்தேன். அக்காவையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது இருக்கிறது, இன்றைக்குத் தெரியப்போகிறது என்று மனதில் முடிவே கட்டிவிட்டேன். சம்பந்தியம்மா என் முகத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஒரு பழைய தைல டப்பாவை எடுத்தார். உள்ளே கதிர்காமத்து முருகன் கோயில் திருநீறு. கட்டியாகக் கொண்டுவந்து அவரே இடித்துச் சலித்து வைத்தது.

"நெத்தியில மட்டும் பூசினா பத்தாது சம்பந்தியம்மா. எந்த எடத்துல பயமோ அந்த எடத்துல பூசணும்."

சம்பந்தி கொடுப்பதை மறுக்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது. வெளியே தெரிந்தால் வெட்கம் என்று மடிப்புக்கு அடியில், அக்குளோரத்தில் எல்லாம் பூசிக்கொண்டேன். எனக்குக் கொடுத்துவிட்டுத் தான் சும்மா இருந்தால் சாமி தப்பாக நினைக்கும் என்று அவரும் அதே மாதிரி பூசிக்கொண்டார்.

படம் எடுக்கும் மிஸ் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். அறை வாசலில் நாங்கள் வழக்கப்படி 'நீங்க போங்க', 'இல்ல நீங்க போங்க' என்று நிற்க, அவர் பொறுமை இழந்து பக்கத்தில் நின்ற என் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். அந்த மெஷினில் ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் வைத்து, இன்னொரு பலகையை இறக்கி, ரொட்டி தட்டுவதுபோல் தட்டையாக அழுத்துவார்கள். குளிரும், வலிக்கும், கொஞ்சம் சிரிப்பும் வரும். மூச்சைப் பிடித்து முடிக்குமுன் வேலை முடிந்துவிட்டது. இதற்காகவா இத்தனை வருஷம் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது.

எனக்குப் பிறகு அவர் போனார். இரண்டு பேரும் வெளியே வந்து உட்கார்ந்திருந்தபோது அந்த மிஸ் எட்டிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மா, பவுடர் போட்டதா?"

"இல்ல மிஸ், சத்தியமா போடல" என்றோம் இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டு பேருக்கும் வெள்ளப் புள்ளி புள்ளியா இருக்குது. கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு மூத்த மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

 என் மகளை நினைத்தேன். பெரியம்மாவைக் குளிப்பாட்டிய அந்தக் கையால் என்னையும் குளிப்பாட்ட வேண்டிவருமே என்று நினைத்தேன். பக்கத்தில் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார். கல்யாணத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றியபோது தொட்டதோடு சரி, அதற்குப் பிறகு நாங்கள் தொட்டுப் பேசியதே இல்லை.

"பயப்படாதீங்க. முருகன் நம்ம ரெண்டு பேருக்கும் வித்தியாசம் பாக்காம ஒரே மாதிரிதான் குடுத்திருக்காரு" என்றார். ஆறுதலாகச் சொன்னதுதான். இருந்தாலும் அந்த நேரத்திலும் சரிசமம் பார்க்கும் அவர் புத்தியை நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

பிறகு திரைக்குப் பின்னால் போய், ஆபத்து பெரிசாகிவிட்டதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பூசிக்கொள்ளத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மிஸ் திரையை விலக்கினார். சம்பந்தியம்மாவின் ஒரு கையில் டப்பா, மறு கை முழுக்கத் திருநீறு.

"மொகக்த மே?" என்றார் மிஸ். என்ன இது என்று கேட்கிறார்.

"திருநீறு மிஸ். பவுடர் இல்ல."

மிஸ் டப்பாவைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உள்ளேயிருந்த மூத்த மிஸ்ஸையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்தப் பொடி தோலில் ஒட்டியிருந்தால் படத்தில் புள்ளியாக விழுமாம், நோயின் புள்ளி மாதிரியே இருக்குமாம். ஈரத்துணி கொடுத்து எங்களை நன்றாகத் துடைக்கச் சொன்னார்.

"சாமி நெத்தியில. இங்க வேணாம்" என்றார்.

மறுபடி படம் எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து குட்ஷெட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். கண் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் என்ன இவ்வளவு சிரிப்பு என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று சம்பந்தியம்மா கவலைப்பட்டார்.

அடுத்த கிழமை முடிவு சொல்லக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார். முதலில் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்டும் இல்லை. ஆனா அக்காவுக்கு இருந்தபடியா வருசா வருசம் வந்து காட்டவேணும், என்ன."

அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. எழுந்து ஆடலாம் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் திரும்பிச் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். டாக்டரம்மா அவர் பக்கம் கதிரையை நகர்த்திக்கொண்டிருந்தார்.

"அம்மா, உங்கட படத்தில ஒரு சின்ன இடம் தெரியுது. இது திருநீறு இல்லை. துடைச்ச பிறகு எடுத்த படத்திலயும் இருக்கு. ஊசி வைச்சு எடுத்துப் பாக்கவேணும்."

சம்பந்தியம்மா கொஞ்சமும் பதறவில்லை. டாக்டருக்கு ஏதோ தவறுதலாக விளங்கிவிட்டதுபோல, மரியாதையாகத் திருத்தினார்.

"இல்லைங்க டாக்டர். நான் இவங்களுக்குத் தொணைக்கு வந்தவ."

"ஓம் அம்மா, விளங்குது" என்றார் டாக்டரம்மா. அவர் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டார். என் சந்தோஷம் எனக்கே அசிங்கமாகப்பட்டது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் குனிந்துகொண்டேன்.

ஊசி வைத்துப் பார்த்ததில் புற்றுநோய்தான் என்று வந்தது. கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளருவதற்கு முன்பே பிடித்துவிட்டோம், நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். கட்டியை மட்டும் வெட்டி எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை. எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து சிமெந்து விலையையும் துணி விலையையும் பேசினார்கள். நோயின் பெயர் அவர்கள் வாயில் வரவேயில்லை, 'அந்த விஷயம்' என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவர் வீட்டுக்காரர் தேநீரை எடுப்பதும் குடிக்காமல் வைப்பதுமாக இருந்தாராம்.

நான் லீவு போட்டுக் கெலிஓயாவில் போய்த் தங்கினேன். படுக்கையில் இருந்தபடியே அவர் கடையையும் வீட்டையும் மருமகளையும் ஆண்டார். அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர்கூட நான் பார்க்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் நான் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சம்பந்தியம்மா, உண்மையச் சொல்லவா? இதுல புளி பத்தல. ஒங்க ரசத்துல எப்பவுமே பத்தாது."

"அந்த மாம்பழக் கலர் சேல ஒங்களுக்கு எடுக்கவே எடுக்காது" என்றேன் நான். அன்றைக்குத்தான் நாங்கள் சினேகிதிகளானோம் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். "எங்க குடும்பத்துல யாருக்கும் இது வந்ததில்ல. எனக்கு எங்க வரப்போகுதுன்னு நான் ஒரு நாளும் தனியா போயிருக்க மாட்டேன். மக சொன்ன ஒடனே நீங்க நல்ல புள்ளயாத் தனியாப் போயிருந்தீங்கன்னா, இது இன்னமும் எனக்குள்ளதான் இருந்திருக்கும். ஒங்க பிடிவாதம்தான் என்னயக் காப்பாத்திச்சு." என் பிடிவாதத்தைப் பற்றி இதுவரை யாரும் நல்ல வார்த்தை சொன்னதில்லை. எழுந்து பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

குணமானதும் அவருடைய கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. கடைக்கு வரும் பெண்கள் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "துணியத் தடவிப் பாக்குறது இருக்கட்டும், ஒங்களப் பாத்துக்கிட்டீங்களா?" என்பார். முஸ்லிம் வீட்டு அக்காமாரை எங்கள் பக்கத்தில் தாத்தா என்று கூப்பிடுவோம். "தாத்தா, கிளினிக்குக்குப் போனீங்களா? தொணைக்கு ஆளில்லன்னா நான் வர்றேன்" என்று அவர்களையும் விடுவதில்லை. கவுன்டரில் நிற்கும் ஆண்கள் அந்த நேரத்தில் பின்பக்கம் ஸ்டாக் பார்க்கப் போய்விடுவார்கள். வியாபாரம் குறையும் என்று அவர் வீட்டுக்காரர் பயந்தார். பெண்கள் முன்னைவிட அதிகமாக வருகிறார்கள்.

இந்த வருஷத்துப் பரிசோதனைக்கு என் முறை வந்தது. படம் எடுத்த பிறகு அந்த மிஸ் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை, ஸ்கேனும் எடுக்க வேண்டும் என்றார். இந்தத் தடவை என் உடம்பில் திருநீறு எதுவும் இல்லை என்று எனக்கும் துணைக்கு வந்திருந்த சம்பந்தியம்மாவுக்கும் தெரியும்.  வராந்தாவில் உட்கார்ந்து, கடைக்குப் புதிதாக வந்த சரக்கைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தவர், என்னை உள்ளே கூப்பிட்டதும் என் கைப்பையை வாங்கி மடியில் இறுக்கிக்கொண்டார்.

ஸ்கேன் பார்த்து டாக்டரம்மா சொன்னார்: "வெறும் நீர்க்கட்டி. பயப்பிட ஒண்டும் இல்லை."

வெளியே வந்து சொன்னேன்.  சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வராந்தா முழுக்கக் கேட்கும்படி அழுதார். ஊசி வைத்தபோதும் வெட்டியபோதும் அழாத மனுஷி.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே. ஏன் அழுறீங்க?" என்றேன்.

"எனக்கு வந்தத நான் தாங்கிக்கிட்டேன். ஒங்களுக்கு வந்திருந்தா என்னால தாங்க ஏலாது" என்றார். 

எதிரே இருந்த சிங்கள அம்மா ஒருவர் எழுந்து வந்து அவர் முதுகைத் தடவினார். ஃபிளாஸ்கைத் திறந்து பால் சேர்க்காத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். இவருக்குக் கெட்ட செய்தியா என்று என்னிடம் மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார். இல்லை, இரண்டு பேருக்கும் நல்ல செய்திதான் என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் ஒரு மூடி ஊற்றிக் கையில் வைத்தார், அதைக் குடிக்கும்போது எனக்கும் அழுகை வந்துவிட்டது.